முதலில் ஒலிக்கும் குரல்

"இலையப் பாத்து வைங்கலே, ஆளப் பாத்து வைக்காதீங்க" என்று பெரியப்பா சொல்வார், வேதக்கோயில் அசன விருந்தில் சோற்று வாளியோடு நாங்கள் வரிசையாக நிற்கும்போது. இல்லை, மாற்றிச் சொல்லியிருப்பாரோ, ஆளைப் பார்த்து வையுங்கள் இலையைப் பார்த்து வைக்காதீர்கள் என்று. இரண்டும் அவர் வாய்க்குப் பொருந்துகிறது, இரண்டுக்கும் அதே மூக்கடைத்த குரல். அதற்குப் பின்னால் இன்னொரு பாதியும் இருந்தது, வாளியைப் பற்றி, வாளி தூக்குகிறவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே நடப்பதைப் பற்றி ஏதோ, அது போய்விட்டது, எவ்வளவு துழாவினாலும் சாம்பார் வாசனைதான் வருகிறது, சொல் வரவில்லை. இப்போது எதற்கு அந்த ஞாபகம். சனிக்கிழமை, இட்லி சாப்பிட்டாயிற்று, பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அடுப்படியில் என் மனைவி சுகிர்தா நெத்திலி கிள்ளிக்கொண்டிருக்கிறாள், அவளோடு ஓர் ஆண் பேசிக்கொண்டிருக்கிறான். பேசுகிறான் என்பது சரியில்லை. வாசிக்கிறான். காப்பித்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த அவளுடைய போனுக்குள் இருந்து, உப்பளத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் கதையை, அவசரமே இல்லாமல், மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு சொல்வதைப்போல வாசிக்கிறான். அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கிறான். இவள் "ம்" என்கிறாள். அடுத்த வாக்கியத்துக்குப் போகிறான். தண்ணீரில் கை அலசும் சத்தம். பிறகு மறுபடியும் "ம்". அந்த "ம்"தான் காலையிலிருந்து என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. கதை சொல்கிறவனுக்கு உம் கொட்டுவது நம் பழக்கம், அதில் ஒன்றுமில்லை, போனுக்கு உம் கொட்டினால் போனுக்குத் தெரியவா போகிறது, ஆனால் அவள் கொட்டுகிறாள், தெரியாமலே கொட்டுகிறாள், தெரியாமல் கொட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை. நிச்சயம் பண்ணிய பிறகு கல்யாணத்துக்கு முன்னால் நான் டென்மார்க்கிலிருந்து கூப்பிடுவேன், போன் கார்டு தீரும்வரை நான் பேசுவேன், அவள் "ம்" என்பாள், அந்த "ம்" நடுவில் ஒரு கடலைத் தாண்டி வந்து என் காதில் விழும். அது எனக்கென்று இருந்த சத்தம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியின் செயலி புத்தகங்களை வாசித்துக் காட்டும். கண் மங்கினவர்களுக்கு, கண்ணே இல்லாதவர்களுக்கு, கண் இருந்தும் கை ஓயாதவர்களுக்கு. நாலு பேருடைய குரலைப் பதிந்து இயந்திரத்துக்குப் பழக்கியிருக்கிறோம், எந்தத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அந்த நாலில் ஒரு குரலில் அது வாசிக்கும். எந்தக் குரல் வேண்டும் என்று செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாம். மாற்றாவிட்டால் எது ஒலிக்குமோ அதற்குப் பெயர்தான் டீஃபால்ட். இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆபீசில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தோம், இயல்புநிலை என்றார்கள், முன்னமைவு என்றார்கள், எனக்கு எதுவும் பிடிக்கவில்லை, கேட்காமலே இலையில் விழுவது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், அதை எப்படித் திரையில் போடுவது. கேட்காமலே விழுகிற குரல் இதுவரை என்னுடையது. வேண்டுமென்று செய்ததில்லை. ஆரம்பத்தில் பதிய வேறு ஆள் இல்லை, கதவைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நானே வாசித்தேன், தற்காலிகம் என்றுதான் சொன்னேன், அது நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்லக்கூடாது, நிற்க விட்டார்கள். "சார் வாய்ஸ் கம்பீரமா இருக்கு சார்." "நியூஸ் கேக்குற மாதிரி இருக்கு சார்." வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவன், கம்பெனியைத் தொடங்கியவன், அவனிடம் போய் உங்கள் குரல் ஆகாது என்று நம் ஊரில் எவன் சொல்வான். டென்மார்க்கில், ஓர்ஹுஸில் என்றால் முதல் வாரத்திலேயே முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள், சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கக் கூப்பிட்டிருப்பார்கள். அங்கே நான் காது கேட்கும் கருவி செய்கிற கம்பெனியில் இருந்தேன், என் வேலையே இதுதான், ஒரு கிழவி முதல்முறையாகக் கருவியைக் காதில் வைக்கும்போது உலகம் எவ்வளவு சத்தமாக இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது. ஏனென்றால் அவள் அதைத் திருகப்போவதில்லை. சத்தம் பிடிக்கவில்லை என்றால் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, கேட்காமலே செத்துப்போவாள். எதையும் தொடாதவளுக்காகச் செய், தொடுகிறவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் நடத்துவேன். எவ்வளவு எளிதாக இருந்தது. அங்கே அந்தக் கருவியில் யாருடைய குரலும் இல்லை. என் குரல் இல்லை, லிவிங்ஸ்டன் குரல் இல்லை.

லிவிங்ஸ்டன். இதோ அடுப்படியில் உப்பு வண்டியின் சக்கரம் மண்ணில் இறங்குவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறானே, அவன். கார் விற்கிற கடையில் சேல்ஸ் மேனேஜர். தொப்பை, கையில் பெரிய வாட்ச், காதோரம் வழிந்து நிற்கும் தலைச்சாயம், சட்டைப்பையில் கிராம்பு. பதிய வந்த அன்று நாற்காலி சரியில்லை என்றான், இஞ்சி போட்ட டீ வேண்டும் என்றான், பிறகு என் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், கேட்டுவிட்டு என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதிய, நல்லாத்தான் வாசிக்கிய, ஆனா பிளைட்டு லேட்டுன்னு அறிவிக்கிற மாதிரி இருக்கு. மரியாதையா அறிவிக்கிய, இல்லன்னு சொல்லல" என்றான். நானும் சிரித்தேன். அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரித்தபிறகு. அதன்பின் கிராம்பை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவன் வாசிக்க ஆரம்பித்தான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஹெட்போனோடு இருந்தேன், அப்போதே தெரிந்தது. தெரிந்ததை அப்போதே ஒத்துக்கொண்டேனா. நடுத்தரம் என்று எழுதினேன் என்று நினைக்கிறேன், அல்லது பரவாயில்லை என்று. இந்தக் குரலில்தான் இவன் கடையில் வருகிறவர்களிடம் "உக்காந்து பாருங்க மேடம், சீட்டு எப்படிப் பொதுபொதுன்னு இருக்குன்னு" என்று சொல்வான், இதே குரலில்தான் இப்போது அந்த உப்பளத்து விதவை கதவைத் திறக்கிறாள், மழை உள்ளே வருகிறது, என் மனைவி "அய்யோ" என்கிறாள். அவள் அவனைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பார்த்த ஆளோடு மல்லுக்கட்டலாம், தொப்பையைச் சொல்லலாம், தலைச்சாயத்தைச் சொல்லலாம், பார்க்காத ஆளுக்கு உடம்பு இல்லை, வயது இல்லை, அவன் சட்டை துவைக்கப்போட மறக்கமாட்டான், மின்கட்டணம் கட்டாமல் இருக்கமாட்டான், அவளுடைய அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசியிருக்கமாட்டான். வெறும் குரலாக ஒருவன் வீட்டுக்குள் வந்தால் அவனை எந்த வாசல் வழியாக வெளியே அனுப்புவது.

அதுகூடப் பெரிதில்லை. மாற்றினாளே, அதுதான். சுகிர்தா எதையும் மாற்றுகிறவள் இல்லை. அவளுடைய போன் கடையிலிருந்து என்ன மணியோடு வந்ததோ அதே மணிதான் இன்றைக்கும், சந்தையில் யார் போன் அடித்தாலும் தன் பைக்குள் கையை விட்டுத் துழாவுவாள். டென்மார்க்கில் முன்னால் குடியிருந்தவர்கள் ஹீட்டரை எந்த எண்ணில் விட்டுப்போனார்களோ அந்த எண்ணிலேயே அத்தனை குளிர்காலமும் கழித்தாள், குளிர்ந்தால் ஸ்வெட்டர் போடுவாள், திருகுவதற்கு ஒரு குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவளை மனதில் வைத்துத்தான் நான் அந்தப் பாடத்தையே நடத்தினேன் என்றுகூடச் சொல்லலாம், எதையும் தொடாதவள் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெரிந்த முகம் அதுதான். அவள் போய் மாற்றியிருக்கிறாள். அதுவும் குரலை மாற்றுகிற இடத்தை நாங்கள் அவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறோம். பல்சக்கரம் மாதிரி இருக்கிற குறியைத் தொடவேண்டும், அது அவளுக்குப் பல்சக்கரம் என்றே தெரியாது, பிறகு ஒலி, பிறகு வாசிப்பு, அங்கே வேகம், இடைவெளி எல்லாம் தாண்டிக் கீழே தள்ளினால் குரல். அங்கே நாலு பெயர். ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு வரி வாசித்துக் காட்டும். தொட்டுப் பார்த்திருப்பாள். கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைப் பார்த்து, விரலால் லேசாக அமுக்கி, திரும்பவும் கூடையில் போட்டு, இன்னொன்றை எடுப்பாளே, அப்படி. என்னை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டிருக்கிறாள். எப்போது. நான் குளிக்கும்போதா. இதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க அந்தப் பக்கம் சோபாவில் இருந்துகொண்டா. ஒரு சாயங்காலம் அவள் போனை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கியிருந்தது ஞாபகம் இருக்கிறது, என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள், அதுதானா. அந்த ஒன்றுமில்லையை இப்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், அதில் அவள் குரல் எப்படி இருந்தது, கீழே இறங்கியதா, சட்டென்று வந்ததா.

போன் அடித்தது, என்னுடையது, மெர்லின். எங்கள் செயலியின் திரைகளை வடிவமைக்கிற பெண், நாகர்கோவில்காரி, கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்பதாலேயே என்னிடம் எதையும் நேராகச் சொல்லாதவள். "சார், டிஸ்டர்ப் பண்றேனா சார்?" "சொல்லும்மா." "மத்தியானத்துக்குள்ள டீஃபால்ட் வாய்ஸ் சொல்லிட்டீங்கன்னா போதும் சார், திங்கக்கிழமை புது வெர்ஷன் எல்லாருக்கும் போயிரும்." "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." "யார் யார் எந்த வாய்ஸுக்கு மாத்தியிருக்காங்கன்னு கணக்கு அனுப்பியிருந்தேனே, பாத்தீங்களா சார்?" பார்த்தேன் என்றேன். பார்த்திருந்தேன். பார்க்காமல் இருக்கமுடியாத அளவுக்கு இருந்தது அது. "அதுல ஒண்ணு மட்டும் சொல்லலாமா சார்" என்று நிறுத்தினாள், நான் சொல்லு என்றேன், திரும்பவும் நிறுத்தினாள், அந்த நிறுத்தத்தில் அடுப்படியிலிருந்து லிவிங்ஸ்டன் கேட்டான், அவளுக்கும் கேட்டிருக்கும். "மாத்தத் தெரிஞ்சவங்க எல்லாரும் பெரும்பாலும் மாத்திட்டாங்க சார். உங்க வாய்ஸ்லயே இருக்கிறவங்க, அவங்க, மாத்தலாம்ங்கிறதே தெரியாதவங்க சார்." பிறகு அவசரமாக, "எனக்கு உங்க வாய்ஸ் பிடிக்கும் சார்." "நீ எந்த வாய்ஸ்ல கேக்கிற?" "நானா சார்? நான் கேக்கிறதே கம்மி சார்." பாவம். வைத்துவிட்டாள். மாற்றலாம் என்று தெரியாதவர்கள். ரூபி டீச்சர் முகம் வந்தது. எங்கள் கோயிலுக்கு வருகிறவர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. சோதனைக்காகச் சிலர் வீட்டுக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் போயிருந்தேன். நான் வணக்கம் சொன்னதுமே, "ஓ, தம்பிதானா அது, போனுக்குள்ள இருக்கிறது" என்று கையைப் பிடித்துக்கொண்டார், "நல்லா வாசிக்கிய, ஒரு பிழை கிடையாது" என்றார், இரண்டு ரசகதலிப் பழம் கொடுத்துத் தின்னச் சொல்லித் தோலை வாங்கிக்கொண்டார். வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை. அடுத்த வாரம் உதவிக்கான எண்ணில் அவருடைய அழைப்பு பதிவாகியிருந்தது, நான் கேட்டேன்: "ஏம்மா, அந்தத் தம்பிக்கு எங்க மேல என்ன கோவம்? கத படிக்கும்போதும் கண்டிக்கிற மாதிரியே படிக்காரு. வேற ஆளு கிடையாதாம்மா?" அன்றைக்கு எடுத்த பெண் புதிது, சொல்கிறோம் பாட்டி என்று வைத்துவிட்டாள். அதையும் இத்தனை நாள் ஓரத்தில் வைத்திருந்தேன், ஒரு கிழவிக்குப் பிடிக்கவில்லை, ஒரு கிழவிதானே என்று.

சரி, எனக்கு வேண்டாம். என் குரல் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன், மனதுக்குள் ஒத்துக்கொள்வதற்கு என்ன. ஆனால் அவன்தான் என்று யார் சொன்னது. மூன்றாவது குரல் இருக்கிறது, ஒரு தமிழ்ப் பேராசிரியையுடைய குரல், நல்ல குரல், தண்ணீர் மாதிரி, யாருக்கும் உறுத்தாது, கணக்கில் அதுதான் இரண்டாவது இடம். பெண் குரல்தான் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், நம் சமூகத்தில் கதை சொன்னவர்கள் பெண்கள்தான், தனியாக இருக்கும் வயதான பெண்களுக்கு அறையில் ஓர் ஆண் குரல் ஒலிப்பது சங்கடமாக இருக்கலாம், இப்படி அடுக்கினால் மெர்லின் தலையை ஆட்டுவாள், எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், எனக்கே ஒரு நிமிஷம் அது உண்மை மாதிரித் தெரிந்தது. எவ்வளவு வேகமாக வருகின்றன காரணங்கள், கதவு திறந்தால் பூனை வருவதுபோல. கேட்டுப்பார்த்தவர்களில் வயதான பெண்கள்தான் லிவிங்ஸ்டனை அதிகம் எடுத்திருந்தார்கள், அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அடுக்குகிறேன். அல்லது இப்படிச் செய்யலாம், யாரையும் வைக்கவேண்டாம், முதலில் திறந்ததும் எந்தக் குரல் என்று கேட்டுவிடலாம், அவரவர் இஷ்டம், அதைவிட நியாயம் உண்டா. இதைப் போன வாரமே மெர்லினிடம் சொன்னேன், "கேட்டா முதல்ல இருக்கிறதத்தான் சார் அமுக்குவாங்க, சீக்கிரம் புஸ்தகத்துக்குப் போகணும்ல" என்றாள். முதலில் யாரை வைப்பது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. பட்டியலில் முதலில் நான் இருக்கிறேன். அதாவது கேட்பதுபோலக் கேட்டு என்னையே அமுக்க வைப்பது. இலவசமாகச் சுதந்திரம் கொடுத்த பெயரும் கிடைக்கும். சீ, என்று தோன்றியது, ஆனால் சீ என்று தோன்றிய பிறகும் அந்த யோசனை எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது, அதற்கும் டீ கொடுக்கவேண்டும் போலிருந்தது. ஏன் அவன் என்றால் மட்டும் இப்படி. அவனே முதல் குரலானால் என்ன ஆகும், எந்த வீட்டில் எவள் மீன் கழுவினாலும் அவன் இருப்பான், மத்தியானம் மாடி ஜன்னல்களிலிருந்து அவன் விழுவான், தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அவன், கடையில் காரைத் துடைத்துக்கொண்டு நிற்பவன் அதை அறியாமலே, ஊரெல்லாம் அவனுக்கு "ம்" என்று சொல்லும். எனக்கு ஒரு வீட்டில் ஒருத்தி சொன்னால் போதும் என்று இருந்தது.

தாகமாக இருந்தது, அல்லது தாகம் என்று வைத்துக்கொண்டேன். அடுப்படிக்குப் போனேன். ஈயச்சட்டியில் கிள்ளிய நெத்திலி வெள்ளையாகக் கிடந்தது, மறுபக்கம் காகிதத்தில் தலைகள், கறுப்புக் கண்ணோடு. ஜன்னல் திட்டில் பக்கத்து வீட்டுப் பூனை அமைதியாக. என்னைப் பார்த்ததும் சுகிர்தா விரல் முட்டியால் போனைத் தட்டி நிறுத்தினாள், செதில் ஒட்டிய விரல் படாமல், அவ்வளவு பழகிவிட்டது.

"தண்ணியா அத்தான்? பானைல இருக்கு."

"நிப்பாட்ட வேண்டாம், ஓடட்டும்."

"ஓடுனா நீங்க சொல்லுதது கேக்காது." ஒரு மீனை எடுத்தாள். "யாரு இவரு? ஒங்க ஆபீசுல உள்ளவரா?"

"லிவிங்ஸ்டன்னு ஒருத்தன். கார் விக்கிறவன். பெரிய தொப்பை. தலைக்கு மை அடிப்பான், அதுவும் காதுவரைக்கும்."

"கத வாசிக்கதுக்கு முடி எதுக்கு?" என்று சிரித்தாள். நான் தண்ணீர் குடித்தேன், டம்ளருக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. "எப்ப மாத்துன?" என்றேன்.

"எத?"

"குரல."

கிள்ளுவதை நிறுத்தவில்லை. "கோவமா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற மூஞ்சியப் பாரு." பிறகு இரண்டு மூன்று மீனைக் கிள்ளிப்போட்டுவிட்டு, "ரூபி டீச்சருக்காவத்தான் அதப் போயித் தேடுனேன்" என்றாள். "கோயில் முடிஞ்சு புங்கமரத்துக்கடியில இருந்தோம். டீச்சர் ஏங் கையப் புடிச்சுக்கிட்டு, சுகிர்தா, ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிராத, அவரு வாசிச்சா வீட்டுப்பாடம் செய்யாம நிக்கிற மாதிரி இருக்குங்காவ. நான் எத்தன பேர அப்படி நிப்பாட்டிருப்பேன், இப்ப எனக்கு வந்து விடிஞ்சிருக்குங்காவ. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. அங்கன அமுக்கி இங்கன அமுக்கி, நடுவுல எல்லாம் இங்கிலீசா மாறிப்போச்சு, பெறவு ஒருவழியா வந்துச்சு. அடுத்த வாரம் எலிசபெத்தக்கா வந்தா, எனக்கும் மாத்திக் குடுன்னு. பெறவு ஒவ்வொருத்தியா. இப்ப வரிசையே நிக்கும் அத்தான். பாதிரியாரம்மாவும் நின்னாவ."

வரிசை. நான் மரத்தடியில் ஆண்கள் பக்கம் நின்று கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் இவள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு போனாக வாங்கி வாங்கி என்னை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஒங்க குரலு பிடிக்கலன்னு ஊரே சொல்லுதுன்னு சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லவா?"

"ஆபீசுலயும் யாரும் சொல்லல."

"அவங்க எப்படிச் சொல்லுவாங்க, அவங்களுக்கு நீங்க சாரு. நான் சொல்லிருக்கணும், சொல்லல, போதுமா?"

பூனை ஜன்னலில் ஒரு அடி முன்னால் வந்தது, இவள் சூ என்றாள். கேட்காமல் வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே கேட்டேன். "சரி, அவங்களுக்கு மாத்துன. ஒனக்கு?"

"எனக்கு என்ன?"

"ஒன் போன்ல."

யோசித்தாள். அவள் யோசிக்காமல் சொல்லியிருக்கலாம். "டீச்சருக்கு மாத்தும்போது கேட்டேன்லா. நல்லாருந்துச்சு. வீட்டுக்கு வந்து எனக்கும் மாத்துனேன்." அவ்வளவுதான். சமாதானமாக ஒரு சொல் சேர்ப்பாள் என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே நின்றேன். சேர்த்தாள். "அவரு வாசிச்சா கத ஓடுது அத்தான். நீங்க வாசிச்சா நீங்கதான் இருக்கிய." பிறகு மீன் தலைகளை ஜன்னல் திட்டுக்குத் தள்ளிவிட்டு, என்னிடம் என்று இல்லாமல், "திசையன்விளைல எங்க செல்லக்கனி அத்த இருக்காவல்லா, அவியளும் இத வச்சுத்தான் பொழுது போக்குதாவ. கண்ணு சுத்தமா தெரியல. போன்ல நான் எப்படிச் சொல்லிக் குடுக்க, அந்தா இந்தான்னு? அவியளுக்கெல்லாம் யாரு மாத்திக் குடுப்பா?" என்றாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முட்டியால் தட்டினாள். லிவிங்ஸ்டன் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டான், எந்த மனத்தாங்கலும் இல்லாமல். நான் நடையில் கால் வைப்பதற்குள் "ம்" வந்தது.

நீங்கதான் இருக்கிய. நாற்காலியில் வந்து உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், காம்பைப் பார்க்கிறேன், அமுக்கிப் பார்க்கிறேன், சொத்தையா இல்லையா தெரியவில்லை. என் குரலில் கேட்டால் என்னைத்தான் கேட்கிறாள், கதை கேட்கவில்லை, அப்படியென்றால் அது ஒருவகையில் நல்லதுதானே என்று ஒருபக்கம் எழும்புகிறது, நெத்திலி கிள்ளும் நேரத்திலாவது நான் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கிறது என்று மறுபக்கம் இறங்குகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. அவள் அதைச் சொல்லிவிட்டு அத்தையைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டாள், நான் அங்கேயே நிற்கிறேன். லிவிங்ஸ்டன் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அது இப்போது மரத்தடியில் இருக்கிறது, ரூபி டீச்சருடைய போனின்மேல் குனிந்த அந்தத் தலையில், இங்கிலீசாகிப்போன திரையில் வழி தெரியாமல் போய்த் திரும்பி வந்த அந்த விரலில். ஹீட்டரைத் திருகாத விரல். நான் நடத்திய பாடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் எழுந்து போய் எல்லோருக்கும் திருகிக் கொடுத்திருக்கிறது, பதினைந்து பேர் சம்பளத்துக்கு உட்கார்ந்து செய்யாத வேலையை ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் செய்திருக்கிறது, அதை என்னிடமிருந்து மறைத்து எனக்குச் சோறும் போட்டிருக்கிறது. அதில் எனக்குப் பொறாமையா. ஆமாம், அதிலும். அந்தக் கிழவிகள் பேரிலும், அவள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, சொல்லிராத என்று சொல்ல முடிந்ததே அவர்களால். என்னிடம் யார் வந்து சொல்லிராத என்று சொல்வார்கள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவுகிறார், சோப்பு நுரை வாசலில் ஓடிப் பள்ளத்தில் நிற்கிறது. மெர்லினுக்கு எழுதத் திறந்த பெட்டி வெறுமையாக இருக்கிறது. பேராசிரியை என்று எழுதினேன், அழித்தேன். கேட்டுவிடலாம் என்று எழுதினேன், அதையும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று வைப்பது ஒரு காரியம், ஏற்கெனவே இருக்கிறவர்கள், மாற்றாமல் இருக்கிறவர்கள், செல்லக்கனி அத்தை மாதிரி, அவர்களை என்ன செய்வது. அவர்கள் தொடவில்லை என்பதற்காக அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஆகாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு ஆள் இருக்கலாமே, என் குரலுக்குப் பழகிப்போன ஒருவர், கண்டிக்கிற மாதிரி வாசித்தால்தான் தூக்கம் வருகிறவர், ஒரு நாள் காலையில் திறந்தால் நான் இல்லாமல் வேறு எவனோ இருந்தால் அவர் பதறமாட்டாரா. இது அக்கறையா, அக்கறை வேஷத்தில் நானா. ஒரு ஆள் என்று நினைக்கும்போதே அந்த ஆளுக்கு நான் முகம் வரைந்துவிட்டேன், நரைத்த மீசை, வேட்டி, எனக்காக வருத்தப்படுகிறவர். இருக்கட்டும், அவர் இருந்தாலும் இருக்கலாம், அவருக்கும் ஒரு வழி வேண்டும், பல்சக்கரத்துக்குள் இறங்காத வழி, தடவியே கண்டுபிடிக்கிற வழி. மாறிவிட்டது என்று ஒரு தடவை சொல்லவேண்டும், திரும்பிப்போக இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவேண்டும். யார் சொல்வது. நான் சொன்னால் விமானம் ரத்து என்ற மாதிரி இருக்கும். என் இடத்துக்கு வருகிறவன்தான் சொல்லவேண்டும். அவனைக் கூப்பிடக்கூட வேண்டாம், இஞ்சி டீ வேண்டாம், எழுத்தைக் கொடுத்தால் இயந்திரம் அவன் குரலில் சொல்லிவிடும். ஒரு வரி தட்டினேன். அழுத்தினேன். என் மடியிலிருந்து லிவிங்ஸ்டன் அதைச் சொன்னான், கிராம்பு மணக்கிற மாதிரி, நான் எழுதின வரி என்று யாரும் நம்பமாட்டார்கள், அவனே நினைத்து அவனே சொல்வதுபோல. அடுப்படியிலும் அவன், இங்கேயும் அவன். ஒரு வார்த்தையை மாற்றினேன். மறுபடி அழுத்தினேன்.

மெர்லினுக்கு அனுப்பினேன்: "டீஃபால்ட் லிவிங்ஸ்டன். புதிதாக வருகிறவர்களுக்கும், இதுவரை எதையும் மாற்றாதவர்களுக்கும். மாற்றாதவர்களுக்கு முதல்முறை மட்டும் அவர் குரலில் இந்த வரி ஒலிக்கட்டும்: இனிமேல் நான் வாசிக்கிறேன், பழையவர்தான் வேண்டுமென்றால் திரையில் எங்கேயாவது விரலை அழுத்திப் பிடியுங்கள், அவர் வருவார்."